கதை விடுகிறான், விடுங்கள்!

"கதை விடாதே!"

தமிழ் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வார்த்தை ஒலிக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால், "சாப்பிட வா" என்பதற்கு அடுத்தபடியாக இதுதான் நிற்கும் போலிருக்கிறது.

குடையைத் தொலைத்துவிட்டு வந்த பையன், "பள்ளிக்கூட வாசலில் ஒரு காக்காய் வந்து கொத்திக்கொண்டு போய்விட்டது, அம்மா" என்கிறான். அம்மா உடனே, "கதை விடாதே!" என்று அதட்டுகிறாள். நியாயந்தான். குடை விலை முந்நூறு ரூபாய்.

அதே பையன் மறுநாள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் வேறொன்று எழுதுகிறான். காக்காய்கள் எல்லாம் கூட்டம் போட்டு ஊரில் உள்ள குடைகளைத் திருடிக்கொண்டு போய், மலை உச்சியில் பெரிய கூடாரம் கட்டி, மழைக்கு ஒதுங்க இடமில்லாத குருவிகளுக்கு வாடகைக்கு விட்டனவாம். அம்மா அதையும் எடுத்துப் பார்க்கிறாள். "பரீட்சை நெருங்குகிறது, என்னடா இது கதை?" என்கிறாள். இந்த இடத்தில்தான் நமக்கும் அம்மாவுக்கும் வழக்கு.

பாவம், அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் மொழியே அப்படி. கதை விடுகிறான், கதை அளக்கிறான், கதை கட்டுகிறான் என்று எதைச் சொன்னாலும் பொய் சொல்கிறான் என்றே அர்த்தமாகிறது. ஆனால் மேலே சொன்ன இரண்டும் ஒன்றல்லவே! முதல் நாள் சொன்னது, அம்மா நம்பவேண்டும் என்பதற்காக, உண்மையை மறைப்பதற்காகச் சொன்னது. இரண்டாம் நாள் எழுதியது, கதை என்று எழுதினவனுக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். அதில் மோசடி இல்லை. முதலாவதற்கு வேண்டுமானால் காதைத் திருகுங்கள். இரண்டாவதற்கு இன்னொரு நோட்டுப் புஸ்தகம் வாங்கிக் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் எங்கே நேரம்? "பசு ஒரு வீட்டு மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்று எழுதினால் மார்க்கு உண்டு. அந்தப் பசு ஒரு நாள் நான்காவது காலைத் தேடிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று என்று எழுதினால் சிவப்பு மைதான் உண்டு. ஆகவே, இந்த வித்தை வளர்வதானால் வீட்டில்தான் வளரவேண்டும்.

எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை உள்ள குழந்தைகளைத் தாமாகக் கதை எழுதச் சொன்னால், பெரும்பாலோர் இரண்டே ஜாதிக் கதைகளைத்தான் எழுதுவார்கள். ஒன்று மாயாஜாலக் கதை. மற்றொன்று மர்மக் கதை. "வாழ்க்கையைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இந்த இரண்டும் மிகவும் லேசானவை, மனம் போனபடி எழுதிவிடலாம் என்று நினைப்பு. உண்மையில் இவை இரண்டைப்போல் கறாரான சட்டம் உள்ள கதைகள் வேறு கிடையா. எப்படி என்று சொல்வதற்கு முன்னால், இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

பன்னிரண்டு மரச் சிப்பாய்கள்

இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பிரதேசத்தில், ஹாவொர்த் என்று ஒரு சிற்றூர். அங்கே மாதாகோவில் பாதிரியாராக இருந்தவர் பாட்ரிக் பிராண்ட்டே. மனைவி 1821-ஆம் வருஷம் காலமாகிவிட்டாள். ஆறு குழந்தைகள். மூத்த பெண்கள் இருவரும், மரியாவும் எலிஸபெத்தும், தங்கிப் படித்த பள்ளியிலிருந்து நோயோடு வீடு திரும்பினார்கள். 1825-ல் மே மாதம் ஒருத்தி, ஜூன் மாதம் ஒருத்தி என்று கண்ணை மூடினார்கள். மூத்தவளுக்கு வயது பதினொன்று, இளையவளுக்குப் பத்து.

மிச்சம் நாலு பேர். சார்லட், பிரான்வெல் என்ற ஒரே பையன், எமிலி, ஆன்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1826 ஜூன் மாதத்தில், தகப்பனார் லீட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினார். பையனுக்காக ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். அதற்குள் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள். விடிந்ததும் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகோதரிகளின் அறைக்கு ஓடினான். சார்லட் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து, இருப்பதிலேயே உயரமான அழகான சிப்பாயைப் பிடுங்கிக்கொண்டு, "இவர்தான் வெல்லிங்டன் பிரபு, இவர் எனக்கு!" என்று சொல்லிவிட்டாள். வெல்லிங்டன் வந்துவிட்டால் பையன் சும்மா இருப்பானா? அவனுடையது நெப்போலியன் போனபார்ட் ஆயிற்று. எமிலியின் சிப்பாய் சிடுமூஞ்சியாக இருந்ததால் அதற்குத் தகுந்த பெயர். ஆறு வயது ஆன் எடுத்துக்கொண்டது அவளைப்போலவே ஒரு குட்டி உரு.

அந்தப் பன்னிரண்டு பேரும் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போய் ஒரு நகரம் நிர்மாணித்தார்கள். கண்ணாடி நகரம் என்று அதற்குப் பெயர். அதற்கு வரைபடம் உண்டு, யுத்தங்கள் உண்டு, அரசியல் சண்டைகள் உண்டு, பத்திரிகையும் உண்டு. பத்திரிகை யாருக்கு? மரச் சிப்பாய்களுக்கு! ஆகவே சிப்பாய் கையில் பிடித்துப் படிக்கிற அளவில் பத்திரிகை தயாராயிற்று. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. சர்க்கரை சுற்றி வந்த காகிதம் போன்ற துண்டுத் தாள்களை வெட்டி, ஊசி நூலால் தைத்து, அச்செழுத்தைப்போலவே பொடிப் பொடியாகக் கையால் எழுதினார்கள். 1830-ல் பதினான்கு வயது சார்லட் தயாரித்த அப்படி ஓர் இதழில் நாலாயிரம் வார்த்தைக்கு மேல் அடங்கியிருக்கிறது. அடேயப்பா! நம் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இந்தக் கண்ணாடி நகரத்தில் ஒரு விசேஷ ஏற்பாடு இருந்தது. குழந்தைகள் நால்வரும் அதற்கு நாலு பூதங்கள். அரபுக் கதைகளில் வருகிற ஜீனி மாதிரி. யுத்தத்தில் சிப்பாய் செத்து விழுந்தால், பூதங்கள் வந்து எழுப்பிவிடும். செத்தவன் எழுந்து உட்கார்ந்து, மறுபடியும் சண்டைக்குப் போவான்.

ஒரு வருஷத்துக்கு முன்பு அதே வீட்டிலிருந்து இரண்டு சிறிய சவப்பெட்டிகள் போயிருந்தன. இதற்குமேல் நாம் ஏதும் விளக்கவேண்டியதில்லை. அந்த நாலு குழந்தைகளிடம் போய், "செத்தவர் பிழைப்பதாவது! கதை விடாதே" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், கதை எழுதும் வாத்தியார் என்று யாரும் இல்லை. தகப்பனார் தாம் படிக்கிற பத்திரிகைகளைக் குழந்தைகளிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை. வீட்டு வேலைக்கு இருந்த டாபி என்ற அம்மாள், அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து மோகினி, பிசாசுக் கதைகளை எல்லாம் சொன்னாள். அவ்வளவுதான். தகப்பனார் ஒரே ஒரு தடவை தலையிட்டதாகத் தெரிகிறது. 1833-ல் சார்லட்டுக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் கொடுத்து, இதில் எழுதுவதைத் தெளிவான கையெழுத்தில் எழுதவேண்டும் என்று முதல் பக்கத்தில் குறித்துக் கொடுத்தார். பாவம், அவருக்கும் கண் வலித்திருக்கும்!

அந்தப் பெண்கள் பெரியவர்களாகி, 1847-ஆம் வருஷம் ஒருத்தி 'ஜேன் அய்ர்' நாவலையும், இன்னொருத்தி 'உதரிங் ஹைட்ஸ்' நாவலையும் வெளியிட்டது உலகம் அறிந்த சங்கதி. ஆனால் நம் குழந்தைகள் எல்லாரும் நாவலாசிரியர்கள் ஆகவேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்த வருஷத்தில் அந்தச் சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். அதைத்தான் சொல்ல வந்தோம்.

இரணியன் கேட்ட வரம்

இப்போது சட்டத்துக்கு வருவோம். மாயாஜாலக் கதை எழுதுகிற குழந்தை முதலில் செய்கிற காரியம், கதாநாயகன் கையில் ஒரு மந்திரக்கோலைக் கொடுப்பது. இரண்டாவது வரியில் ராட்சசன் வருகிறான். மூன்றாவது வரியில் மந்திரக்கோலை ஆட்டுகிறான், ராட்சசன் காலி. கதையும் காலி. குழந்தைக்கே அலுத்துப்போய்ப் பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

இந்த இடத்தில் அம்மா கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தக் கோலால் என்ன செய்ய முடியாது?"

குழந்தை யோசிக்கும். "மழையில் நனைந்தால் வேலை செய்யாது" என்னும். அவ்வளவுதான், கதை பிழைத்தது! ராட்சசன் மலை உச்சியில் இருக்கிறான், இடி இடிக்கிறது, குடையையோ காக்காய் கொண்டு போய்விட்டது. இனி அவன் பாடு.

இந்த ரகசியம் நம் பாட்டிமார்களுக்கு நன்றாகவே தெரியும். இரணியன் கேட்ட வரத்தை நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் சாவு கூடாது, மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. எவ்வளவு கெட்டிக்கார வக்கீல் எழுதின பத்திரம்! அந்தப் பத்திரத்தில் ஒரு வார்த்தையைக்கூட மீறாமல், அந்தி வேளையில், வாசற்படியில், நகத்தால், நரசிங்கமாக வந்து கதை முடிகிறது. கடவுள் சர்வ வல்லமை உள்ளவர்தானே, வரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வதம் செய்திருக்கலாமே! அப்படிச் செய்திருந்தால் நாம் இத்தனை நூற்றாண்டாக இந்தக் கதையைக் கேட்டுக் கொண்டிருப்போமா? கொடுத்த வாக்கைக் கதை காப்பாற்றுகிறது. அதனால்தான் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறது. ஒரு நாள் சாயங்காலம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "நீ ஒரு ராட்சசனுக்கு வரம் எழுது, அதில் எங்கே ஓட்டை என்று நான் கண்டுபிடிக்கிறேன்" என்று குழந்தையிடம் பந்தயம் கட்டிப் பாருங்கள். இராச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வராது.

சில குழந்தைகளுக்கு ஆரம்பமே வராது. வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக் கொண்டிருக்கும். இத்தாலியில் ஜியான்னி ரோடாரி என்று ஒரு குழந்தை எழுத்தாளர் இருந்தார். இளமையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1970-ல் ஆண்டர்ஸன் பரிசு பெற்றவர். 1972 மார்ச்சில் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரில் ஆசிரியர்களைக் கூட்டிவைத்து, கதை கட்டும் வித்தையைப் பற்றி ஒரு வாரம் பேசினார். அது மறு வருஷம் 'கற்பனையின் இலக்கணம்' என்ற புஸ்தகமாக வந்தது. அவர் சொன்ன உபாயங்களில் ஒன்று: ஒரு குழந்தை கரும்பலகையின் முன்பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதவேண்டும். இன்னொரு குழந்தை, அதைப் பாராமல், பின்பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதவேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அந்த இரண்டையும் சேர்த்துவைத்தால் அங்கே கதை முளைக்கும் என்றார். அவர் காட்டிய உதாரணம், நாய் ஒன்று, அலமாரி ஒன்று. அலமாரிக்குள் நாய், நாயின் அலமாரி என்று இப்படி.

இத்தாலியரைவிட இந்த விளையாட்டுக்கு நாம்தான் கொடுத்துவைத்தவர்கள். நமக்கு எட்டு வேற்றுமை இருக்கிறதே! குழந்தைகள் எட்டிக்காயாக நினைக்கிற அந்த வேற்றுமை உருபுகளை இங்கே இறக்குங்கள். அண்ணன் 'யானை' என்று எழுதினான், தங்கை 'அஞ்சறைப் பெட்டி' என்று எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சறைப் பெட்டியை விழுங்கிய யானை. அஞ்சறைப் பெட்டியோடு ஓடிப்போன யானை. யானைக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி. யானையினுடைய அஞ்சறைப் பெட்டி; அதில் ஓர் அறையில் கரும்புச் சக்கை, இன்னோர் அறையில் பாகன்மேல் உள்ள பழைய கோபம், மூன்றாவது அறை மட்டும் எப்போதும் பூட்டியே இருக்கும். அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு யானை. கடுகுக்கு நடுவில் நின்று பிளிறுகிறது. போதாதென்றால் விளி வேற்றுமை இருக்கிறது: "யானையே!" என்று கூப்பிட, பெட்டிக்குள்ளிருந்து "என்ன?" என்று பதில் வருகிறது. இலக்கணப் பாடமும் ஆயிற்று, ஏழெட்டுக் கதையும் ஆயிற்று. கடைகளில் விற்கிற விளையாட்டுச் சாமான்களைவிட இது சிக்கனம்.

குங்குமச் சிமிழ் எங்கே?

மர்மக் கதைக்கு வருகிறோம். இதைக் குழந்தைகள் தப்பாக எழுதுவதற்கு ஒரே காரணம், முதலிலிருந்து எழுத ஆரம்பிப்பதுதான். மர்மக் கதையை வாலிலிருந்துதான் கட்டவேண்டும். யார் எடுத்தது, ஏன் எடுத்தது, எங்கே வைத்தது என்ற மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டுப் பிறகுதான் முதல் வரியைத் தொடவேண்டும். கோலம் போடுகிறவள் முதலில் புள்ளி வைத்துக்கொள்கிறாள் அல்லவா? அந்த மாதிரி.

கொலை வேண்டுமா என்று சில தாய்மார்கள் பயப்படுவார்கள். வேண்டியதே இல்லை. ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை காலை பூஜை அறையில் இருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. அது போதும், குடும்பம் முழுவதும் கதிகலங்குவதற்கு.

துண்டுத் தாளில் இருப்பது இது: சிமிழை எடுத்தவள் பாட்டி. அடுத்த தெருவில் திருட்டு நடந்ததாகக் கேள்விப்பட்டு, வியாழக்கிழமை ராத்திரி அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். காலையில் மறந்துபோனாள்.

இனித் தடயங்கள். வியாழன் சாயங்காலம் எதிர்வீட்டு மாமி வந்து, மல்லிகைப்பூ விலை, அடுத்த தெருத் திருட்டு, தன் மருமகளின் சமையல் மூன்றையும் பற்றிப் பேசுகிறாள். தடயத்தை எப்போதும் இப்படி இரண்டு வம்புக்கு நடுவில் வைக்கவேண்டும். படிக்கிறவர் கண் மருமகளின் பக்கம் போய்விடும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் அம்மா அரிசி களையும்போது தண்ணீர் லேசாகச் சிவந்திருக்கிறது. "இந்தத் தடவை கடைக்காரன் என்ன அரிசி கொடுத்தானோ" என்று முணுமுணுத்துக்கொண்டே கொட்டிவிடுகிறாள். அவ்வளவுதான். வீட்டுப் பெண் துப்பறிவாளி கடைசியில் அந்தச் சிவந்த தண்ணீரை நினைத்துக்கொண்டால், மர்மம் விடுபட்டது.

தடயம் முன்பே கண்ணெதிரில் இருக்கவேண்டும் என்பதற்கு, ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1929-ல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்ற சிறுவர் நாவல் நல்ல உதாரணம். எமில் என்ற பையன் ரயிலில் பெர்லினுக்குப் போகிறான். சட்டைப் பையில் 140 மார்க் பணம். சிகை அலங்காரம் செய்து பிழைக்கிற அம்மா பாடுபட்டுச் சேர்த்தது. தொலைந்துபோகாமல் இருக்கப் பையன் அதைக் குண்டூசியால் பைக்குள் குத்தி வைத்துக்கொள்கிறான். தூங்கிப் போகிறான், எதிரில் உட்கார்ந்திருந்தவன் பணத்தைக் கிளப்பிவிடுகிறான். பெர்லின் நகரத்துப் பிள்ளைகள் பட்டாளமாகத் திரண்டு வந்து திருடனை வளைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த நோட்டுகள் எமிலுடையவைதான் என்று எப்படி நிரூபிப்பது? (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவேண்டும்.) நோட்டுகளில் குண்டூசி குத்தின துளைகள்! ஊசியை ஆரம்பத்திலேயே நமக்குக் காட்டிவிட்டார், நாம்தான் கவனிக்கவில்லை. அதே 1929-ல் ரானல்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், தாமும் துப்பறியும் நாவல் எழுதினவர், மர்மக் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்தவனாக இருக்கவேண்டும் என்பது முதல் கட்டளை. பேய் பிசாசு வந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பது மற்றொன்று. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு திருடனைக் கொண்டுவந்து நிறுத்துகிற குழந்தையிடம், "இந்த ஆளை நான் இதற்கு முன் பார்த்தேனா?" என்று கேளுங்கள். அதுவே நாக்ஸின் கட்டளை.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. சகோதரிகள் கோபித்துக்கொள்ளாமல் கேட்கவேண்டும்.

குங்குமச் சிமிழ்க் கதையின் ஆரம்பத்தை மட்டும் குழந்தையிடம் சொல்லி, "யார் எடுத்திருப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் யோசனையே இல்லாமல் பதில் வரும்: "வேலைக்காரி!" ஏன் என்று கேட்டால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அந்த அம்மாள் பூஜை அறைப் பக்கம் வந்ததாகக் கதையில் ஒரு வரிகூட இல்லை. பின் எங்கிருந்து வந்தது இந்தச் சந்தேகம்? என்றைக்கோ கம்மல் திருகாணி காணாமற்போனபோது, நாம் சமையலறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டதிலிருந்து வந்தது. திருகாணி பிறகு தலையணை உறையில் கிடைத்தது. அந்த அம்மாளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அதட்டவேண்டாம். உபதேசமும் வேண்டாம். "ஆதாரம் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். மர்மக் கதையின் சட்டப்படி, ஆதாரம் இல்லாமல் யார் பெயரையும் சொல்ல முடியாது. குழந்தை கதைக்குள் திரும்பிப் போகும். ஒவ்வொருவரும் அந்த வேளையில் எங்கே இருந்தார்கள் என்று பார்க்கும். பால்காரர் வாசலோடு போய்விட்டார். மாமா குளித்துக் கொண்டிருந்தார். வேலை செய்கிற அம்மாள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்தாள். அப்படியானால் மிச்சம் யார்? வீட்டில் சந்தேகமே விழாத ஒருத்தி. கானன் டாயில் 1892-ல் வெளியிட்ட நீல மாணிக்கக் கதையிலும் இதே சங்கதிதான். பெரிய ஹோட்டலில் ஒரு சீமாட்டியின் ரத்தினம் காணாமற்போகிறது. அன்றைக்கு ரிப்பேர் வேலைக்கு வந்த தொழிலாளியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. ஏற்கனவே ஒரு முறை ஜெயிலுக்குப் போனவன், அப்புறம் என்ன யோசனை? எடுத்தவனோ அந்த ஹோட்டலிலேயே நல்ல உத்தியோகத்தில் இருந்தவன். ஷெர்லக் ஹோம்ஸ் ஒரு வாத்தைத் தேடிக்கொண்டு லண்டன் முழுவதும் அலைந்திராவிட்டால் அந்தத் தொழிலாளி கதி என்ன?

துப்பறியும் கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த அம்சத்தைச் சற்று யோசிக்கலாம்.

வேதாளத்தின் கேள்வி

எழுதின கதையை எப்படிக் கேட்பது என்பதற்கும் நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் ஸோமதேவர் என்ற கவி, சூரியவதி என்ற ராணியின் மனத்துக்கு ஆறுதலாகத் தொகுத்த கதைக் கடலில் வேதாளக் கதைகள் இருக்கின்றன. பிறகு 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் வேதாளம் மாதந்தோறும் முருங்கை மரம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்காகவே பத்திரிகைக்குச் சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தங்கைகள் இன்று தாத்தா பாட்டிகளாகிவிட்டார்கள். கதையைச் சொல்லி முடித்ததும் வேதாளம் தீர்ப்புச் சொல்லாது, கேள்விதான் கேட்கும். ராஜா பதில் சொல்லுவார். ராஜாவே வாயடைத்து நின்றது ஒரு கேள்விக்குத்தான். ஒரு தாயும் மகளும். ஒரு தகப்பனும் மகனும். மகளைத் தகப்பனும், தாயை மகனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிறக்கிற குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? (நம் அத்தைமார்களிடம் விட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்!)

அம்மாவும் வேதாளமாக இருந்தால் நல்லது. "நன்றாக இருக்கிறது" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவதில் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை. "றகரம் தப்பு" என்று ஆரம்பித்தால் அதைவிட மோசம். கதை முழுவதும் முடிகிற வரையில் எழுத்துப் பிழைகள் எங்கும் ஓடிப்போய்விடா. "பாட்டிக்கு எப்போது ஞாபகம் வந்தது?" "அந்தக் காக்காய் வாடகைப் பணத்தை என்ன செய்தது?" இப்படிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் குழந்தை நோட்டை எடுத்துக்கொண்டு போகும். அரை மணி கழித்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரும்.

அதற்கு மேல் பெரியவர்களின் வேலை மிகச் சொற்பம். அகதா கிறிஸ்டி இளம் பெண்ணாக இருந்தபோது ஜுரத்தில் படுத்து, பொழுது போகாமல் தவித்தார். "ஒரு கதைதான் எழுதேன்" என்று சொன்னவர் அவருடைய தாயார். பிற்பாடு, "உன்னால் துப்பறியும் கதை எழுத முடியாது" என்று சவால் விட்டவர் தமக்கை மாட்ஜ். அந்தச் சவாலில் பிறந்தவர்தான் முறுக்கு மீசை ஹெர்க்யூல் பாய்ரோ. 1920-ல் புஸ்தகமாக வெளிவந்தார். தாயாரும் தமக்கையும் ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் பேசினார்கள்.

ஸ்டீவன்ஸன் வீட்டில் தலைகீழ். 1881-ல் ஸ்காட்லாந்தில் விடாமழை. மனைவியின் பிள்ளை லாயிடோடு உட்கார்ந்து வர்ணப் படம் போட்டுக் கொண்டிருந்தவர் ஒரு தீவின் வரைபடத்தைப் போட்டார். அந்தப் படத்திலிருந்து 'புதையல் தீவு' நாவல் பிறந்தது. தினம் எழுதின அத்தியாயத்தை வீட்டில் படித்துக் காட்டினார். அவருடைய கிழத் தகப்பனார்கூட உற்சாகம் தாங்காமல், செத்துப்போன கடற்கொள்ளைக்காரனின் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்று ஜாபிதா போட்டுக் கொடுத்தார். பையன் லாயிட் போட்ட ஒரே நிபந்தனை, கதையில் பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்பது! ஆயினும் கதாநாயகனின் அம்மா எப்படியோ நுழைந்துவிட்டாள். அம்மாவை யாரால் தடுக்க முடியும்?

இன்றைக்குக் கைபேசியிடம் சொன்னால் அதுவே ஒரு நிமிஷத்தில் கதை எழுதிக் கொடுத்துவிடுகிறது என்கிறார்கள். கொடுக்கட்டும். அந்தக் கதையில் வருகிற பாட்டி, வெற்றிலை மடிக்கிற உங்கள் வீட்டுப் பாட்டியாக இருக்கமாட்டாள்.

மேலே சொன்ன சார்லட்டின் தீப்பெட்டிப் பத்திரிகை, 1830-ல் தைத்தது, 2019 நவம்பரில் பாரிஸ் நகரத்தில் ஏலத்துக்கு வந்தது. ஹாவொர்த் வீட்டைக் காட்சிசாலையாக வைத்துக் காப்பாற்றுகிற சங்கத்தார் ஊர் ஊராக நன்கொடை திரட்டிக்கொண்டு போய், ஆறு லட்சம் யூரோ கொடுத்து அதை வீட்டுக்கு மீட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்த தடவை அலமாரியை ஒழிக்கும்போது, பழைய பேப்பர்காரர் தராசை எடுப்பதற்கு முன்னால், அந்தக் காக்காய்க் குடை நோட்டுப் புஸ்தகம் கட்டுக்குள் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.